மறதிப் பரீட்சை

சண்டிலிப்பாய் நமசிவாயத்தின் மகன் சீவரத்தினம் குளிர் பற்றிப் படித்தது சமாசத்தின் புண்ணியத்தால். அதை அவன் ஒருநாளும் மறுத்ததில்லை. கேட்டவருக்கும் சொல்வான், கேட்காதவருக்கும் சொல்வான். பிறகு அவனுக்கு வந்த கரைச்சல் முழுவதும் இந்த நன்றியுணர்விலிருந்துதான் தொடங்கியது.

சமாசத்தின் முழுப்பெயர் ஒன்றிணைந்த வேளாண் விளைபொருள் பாதுகாப்பு மேம்பாட்டுச் சமாசம். சுன்னாகம் சந்தைக்குப் பின்னால் அதன் கட்டடம் இருந்தது. பெயர்ப்பலகை முகப்பைவிட நீளமாகப் போய்விட்டதால், மிச்சப் பெயரைத் தாங்குவதற்கு வெளியே ஒரு பனங்குற்றி நட்டிருந்தார்கள். தலைவர் ஆழ்வாப்பிள்ளை ஓய்வுபெற்ற தபாலதிபர். முகாமையாளர் இராசநாயகம், தலைவர் சொன்னதை இன்னொருமுறை உரத்துச் சொல்லும் பொறுப்பில் இருந்தார்.

கமக்காரருக்கு அப்போது ஒரு பெரிய தலையிடி இருந்தது. உருளைக்கிழங்கு நடுவதற்கு விதைக்கிழங்கு கப்பலில்தான் வரவேண்டும். பிந்தி வரும், விலையாகவும் வரும். சொந்தக் கிழங்கை எடுத்து வைத்தாலோ, மாரி வருவதற்குள் பாதி அழுகும், பாதி முளைத்துத் தாடி விடும். இதற்காகச் சமாசம் ஒரு குளிரறை கட்டுவதென்று தீர்மானித்தது. கமக்காரர் கல் ஏற்றிக் கொடுத்தார்கள், மணல் பறித்துக் கொடுத்தார்கள். குளிரறையை இயக்கப் படித்த ஆள் வேண்டுமென்று, எண்பத்துமூன்றாம் ஆண்டு தை மாதம் சீவரத்தினத்தைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். ரயில் செலவு, விடுதி, சாப்பாடு எல்லாம் சமாசத்தினது. அவனும் விளையாட்டுக்குப் படிக்கவில்லை. விடுதிக் கட்டிலில் படுத்தபடி கொம்பிறெஸரின் சத்தத்தை வாயால் செய்து பார்க்கிற அளவுக்குப் படித்தான்.

ஆனி முடிவதற்கு முன்னரே அவன் திரும்பி வந்தபோது அறை கட்டி முடிந்திருந்தது. கதவும் கப்பலில் வந்து பொருத்தியாகிவிட்டது. ஒரு சாண் தடிப்பில், வெள்ளித் தகடு அடித்த கதவு. மெஷின் ஆடி மாதம் வருவதாக இருந்தது. அந்த ஆடிக் கலவரத்தில் என்ன நடந்ததென்று எல்லோருக்கும் தெரியும். மெஷின் வரவில்லை.

சமாசம் அதற்காகச் சோர்ந்துவிடவில்லை. இருக்கிற கதவைத் திறந்து திறப்பு விழா நடத்தியது.

அன்று தொடக்கம் சீவரத்தினம் குளிரறைப் பொறுப்பாளர். காலையில் கதவைத் திறப்பான். பிணைச்சல்களுக்கு எண்ணெய் விடுவான். உள்ளே தொங்கும் தெர்மோமீற்றரைப் பார்ப்பான். பின்னேரம் கதவைப் பூட்டுவான். ஒருநாள் தலைவர் வந்து பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"முப்பத்திரண்டு கொஞ்சம் கூடிப்போச்சு தம்பி. நீர் படிச்ச ஆள்தானே, ஏதும் செய்து குறைச்சுப்போடும்."

சீவரத்தினம் யோசித்துவிட்டுத் தெர்மோமீற்றரைக் கழற்றி நிழல்பக்கச் சுவரில் தொங்கவிட்டான். முப்பத்தொன்றாயிற்று.

"பாத்தீரோ இராசநாயகம்? இதுதான் பயிற்சி எண்டுறது!" என்றார் தலைவர்.

வெளியிலிருந்து யாரும் பார்வையிட வந்தால், கதவடியில் வைத்து ஆளுக்கொரு சால்வை கொடுப்பது வழக்கம். பட்டணத்திலிருந்து வந்த ஓர் அதிகாரி சால்வையைப் போர்த்துக்கொண்டு உள்ளே போனார். இரண்டு நிமிடத்தில் அவருடைய மூக்கு நுனியில் வியர்வை சொட்டியது.

"முதலிலை அப்பிடித்தான் இருக்கும். குளிர் பழகப் பழகச் சரியாய்ப்போம்" என்றார் தலைவர்.

அதிகாரி மரியாதை தெரிந்தவர். வெளியே வந்து பற்களைக் கடித்து, தோளைக் குலுக்கி, ஒரு தேத்தண்ணி கேட்டார்.

இப்படியே இரண்டு வருடம் போயிற்று. நமசிவாயத்தின் விதைக்கிழங்கு இரண்டு வருடமும் அழுகியது. மகன் குளிரறைப் பொறுப்பாளர் என்று ஊரில் பெயர். தகப்பன் கொட்டிலில் அழுகல் பொறுக்கினார்.

மூன்றாம் வருடம் ஒரு நாள், குருநகரிலிருந்து மீன் கொண்டுவரும் லூர்த்தம்மா வெயிலுக்கு ஒதுங்கிக் குளிரறைச் சுவரோடு தன் ஓலைக் கடகத்தை இறக்கி வைத்தாள். கடகத்து மீன் சந்தை முழுவதற்கும் தன் வருகையை முன்கூட்டியே அறிவித்திருந்தது. ஒருவரும் வாங்கவில்லை.

"தம்பி, உது என்ன, பெட்டகமோ?" என்று கதவைக் காட்டிக் கேட்டாள்.

"குளிரறை அக்கா."

"உள்ளுக்கை ஐஸ் கிடக்கோ?"

"இல்லை."

"அப்ப என்ன கிடக்கு?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாததுக்கோ இந்தப் பெரிய கதவு? எங்கடை லியோனின்ரை ஐஸ் பக்டரியிலை மெஷின் கிடக்கு, திருத்த ஆளில்லை. இருந்தவன் ஜேர்மனிக்குப் போட்டான். நேவி கடலுக்கு விடுறதே இடைக்கிடை ஒரு நாள். அண்டைக்குப் பிடிக்கிற மீனும் இப்பிடி நாறுது." அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "நீ இஞ்சை என்ன வேலை செய்யிறாய்?"

"குளிர் மெஷின் படிச்சனான் அக்கா. சமாசம்தான் படிப்பிச்சது."

லூர்த்தம்மா அவனையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கடகத்தைத் தூக்கித் தலையில் வைத்தாள்.

"ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வா. லியோனிட்டைச் சொல்லி வைக்கிறன்."

அவன் போனான். லியோன் பருத்த உடம்புக்காரர். மெஷினுக்கு அவர் அதுவரை செய்துவந்த வைத்தியம் காலால் உதைப்பது ஒன்றுதான். சீவரத்தினம் கந்தகத் திரியைக் கொளுத்திக் குழாய் நெடுகப் பிடித்துக்கொண்டு போனான். ஒரு மூட்டில் வெள்ளைப் புகை கிளம்பியது. அமோனியா கசியும் இடம் அதுதான். இறுக்கினான், மாற்றினான், எண்ணெய் விட்டான். மின்சாரமும் அன்றைக்கென்று நிற்காமல் இருந்தது. மறுநாள் காலை தகரப் பெட்டியிலிருந்து முதல் ஐஸ் கட்டி வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தபோது, சீவரத்தினம் இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் வைத்தான். படித்த பிறகு அவன் தொட்ட முதல் குளிர் அது. கை விறைத்த பிறகும் எடுக்க மனம் வரவில்லை.

"தம்பி, இஞ்சையே நிண்டுவிடும்" என்றார் லியோன்.

"சமாசத்திலை கேட்டுப்போட்டுத்தான் அண்ணை. அவையள் படிப்பிச்சவையள்."

"படிப்பிச்சதை அவையள் பாவிக்கேல்லையே?"

"பாவிக்காட்டிலும் படிப்பிச்சதுதானே?"

லியோன் மெஷினை உதைக்கக் காலைத் தூக்கி, அது ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டு இறக்கிக்கொண்டார்.

வீட்டில் நமசிவாயத்துக்கு மகன் சொன்னது பிடிக்கவில்லை. மாமிசம் புழங்காத வீடு. அது ஒரு பக்கம். இன்னொன்றுதான் அவரை அதிகம் குடைந்தது.

"உன்னைப் படிப்பிச்சது ஊர்ச் சனத்தின்ரை சந்தா. திண்டு, படுத்து, படிச்சுப்போட்டு விட்டிட்டுப் போறதெண்டால் நான் தோட்டத்திலை எந்த முகத்தோடை நிக்கிறது?"

"இஞ்சை இருந்து என்ன அப்பு செய்யிறன்? கதவு திறக்கிறன்."

"அது எனக்கும் தெரியும். கேள். அவையள் விட்டால் போ. ஆனால் ஒளிச்சுப் போகாதை, பொய் சொல்லியும் போகாதை. அவ்வளவுதான்."

சீவரத்தினம் அப்படியே செய்வதாகச் சொன்னான்.

சமாசக் கூட்டத்தில் எழும்பி நின்று, தான் குருநகருக்கு வேலைக்குப் போக விரும்புவதாகவும், பயிற்சிக்குப் போன செலவைச் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகத் திருப்பித் தருவதாகவும் சொன்னான். தலைவரின் முகம் சிவந்தது.

"செலவோ? நாங்கள் என்ன வட்டிக்கடையோ நடத்துறம்? நாங்கள் உமக்குத் தந்தது காசில்லை, பயிற்சி. தந்ததைத் தாரும்!"

"தந்ததைத் தாரும்!" என்றார் இராசநாயகம்.

தலைவர் எழுந்து சால்வையைச் சரிசெய்தார். மேடைத் தமிழ் வரப்போகிறது என்பதற்கு அது அடையாளம்.

"அன்பார்ந்த அங்கத்தவர்களே! சீவரத்தினம் என்ற தனிமனிதர்மீது இச்சமாசத்துக்கு எந்த உரிமையும் இல்லை. அவர் நாளைக்கே போகலாம். ஆனால் அவருக்குள்ளே இருக்கும் பயிற்சி யாருடையது? நம்முடையது! மேசை நம்முடையது, கதிரை நம்முடையது, அலுமாரி நம்முடையது, அதுபோலவே பயிற்சியும். ஒரு நாள் காலை நமது அலுமாரி எழும்பி, ஐயா, நான் குருநகருக்குப் போகிறேன் என்றால், போய்வா என்று கையசைப்போமா?"

அங்கத்தவர்கள் அலுமாரியைத் திரும்பிப் பார்த்தார்கள். அது போகிற மாதிரித் தெரியவில்லை.

"சிலர் கேட்கிறார்கள், பயிற்சியைப் பாவிக்கவில்லையே என்று. பாவிப்பதற்காகவா கொடுத்தோம்? வைத்திருப்பதற்காகக் கொடுத்தோம்! பாவித்தால் தேயும். மூன்று வருடமாக ஒரு கீறல் விழாமல் அவருடைய பயிற்சியைக் காப்பாற்றி வைத்திருக்கிறோம். இந்தக் குடாநாட்டிலே வேறெந்த நிறுவனம் இப்படிச் செய்திருக்கிறது? சொல்லுங்கள்!"

அந்த இடத்திலேயே பயிற்சி மீட்புக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. தலைவர் அதற்கும் தலைவர்.

குழு கூடி, பயிற்சி முழுவதையும் சீவரத்தினம் இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகலாம் என்று முடிவுசெய்தது. இன்னொருவர் யார் என்பதில் தலைவருக்கு நீண்ட யோசனை தேவைப்படவில்லை. அவருடைய மருமகன் சிவசுப்பிரமணியம் வீட்டில் சும்மா இருந்தான். அவனிடம் ஒரு திறமை உண்டு. எங்கேயும், எந்த நிலையிலும், நின்றுகொண்டும் தூங்குவான்.

பாடத்தைக் குளிரறைக்குள் நடத்தவேண்டும் என்று இராசநாயகம் பிடிவாதமாக நின்றார். வெளியே நடத்தினால் வழியில் போகிறவர்களும் கேட்டுவிடுவார்கள், சமாசச் சொத்து சிந்திப்போகும் என்பது அவருடைய பயம். முதல்நாள் சீவரத்தினமும் சிவசுப்பிரமணியமும் உள்ளே போனதும், இராசநாயகம் கதவைத் தள்ளி மூடிவிட்டுச் சாப்பிடப் போனார். அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம்தான் கைபிடி. உட்பக்கக் கைபிடி மெஷினோடு வருவதாக இருந்தது.

சீவரத்தினத்துக்கு இது கதவு மூடிய பிறகுதான் ஞாபகம் வந்தது. இரண்டு கையாலும் இடித்தான். சிவசுப்பிரமணியம் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தான். அவனை எழுப்பினான். விஷயம் விளங்கியதும் அவனும் இடித்தான், உதைத்தான், "மாமா!" என்று கத்தினான். ஒரு சாண் தடிப்புக் கதவினூடாக அது வெளியே மெல்லிய தாளமாகத்தான் கேட்டது.

அந்த நேரம் பார்த்துத் தலைவர் இரண்டு பிரமுகர்களோடு முற்றத்தில் வந்தார். நின்று காது கொடுத்தார்.

"செய்முறைப் பாடம் நடக்குது" என்றார் பெருமையாக. "என்ன வேகமாய்ப் படிப்பிக்கிறான் பாருங்கோ."

பிரமுகர்கள் தலையாட்டினார்கள். மூவரும் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள்.

கதவைத் திறந்தவள் லூர்த்தம்மா. அன்றைக்கு அவளுடைய கடகத்தில் நல்ல மீன், நல்ல ஐஸோடு. சீவரத்தினத்துக்கு நன்றி சொல்லிப் போக வந்தவள் சத்தம் கேட்டுக் கைபிடியை இழுத்தாள். இரண்டு பேரும் ஆவியோடு வெளியே வந்து விழுந்தார்கள்.

"ஒண்டுமில்லையெண்டு சொன்னாய், ரெண்டு பேர் அவிஞ்சு கிடக்கிறியள்!" என்று ஒரு கைப்பிடி ஐஸை அள்ளி ஆளுக்குப் பாதியாக உச்சந்தலையில் வைத்தாள்.

இருந்தாலும் பாடம் தொடர்ந்தது, கதவைத் திறந்து வைத்து. இராசநாயகம் வாசலில் கதிரை போட்டுக் குந்தியிருந்து, பயிற்சி வெளியே போகாமல் பார்த்துக்கொண்டார். சீவரத்தினம் மனமறிந்து ஒன்றையும் ஒளிக்கவில்லை. கொம்பிறெஸர், வால்வு, குழாய், உப்புத்தண்ணித் தொட்டி என்று தான் படித்த ஒழுங்கிலேயே சொன்னான். சிவசுப்பிரமணியம் எல்லாவற்றையும் கண்களை மூடியபடி பெற்றுக்கொண்டான்.

குழு அவனை அழைத்து விசாரித்தது.

"எல்லாத்தையும் வாங்கிட்டீரோ?" என்று தலைவர் கேட்டார்.

"வாங்கிட்டன் மாமா."

"முக்கியமாய் என்ன படிச்சீர்?"

மருமகன் யோசித்தான். "உள்ளுக்கை நிண்டுகொண்டு கதவைத் திறக்கேலாது."

"அனுபவ அறிவு!" என்றார் தலைவர்.

இத்தோடு முடிந்ததென்று சீவரத்தினம் சைக்கிளை எடுத்தபோது இராசநாயகம் கையை உயர்த்தினார். வாழ்க்கையில் முதல்தடவையாக அவருக்குச் சொந்தமாக ஒரு யோசனை வந்திருந்தது.

"தலைவர், ஒரு சின்னச் சந்தேகம். கதிரையைக் குடுத்தால் குடுத்தவனிட்டைக் கதிரை இராது. பயிற்சியைக் குடுத்தாப் பிறகு இவரிட்டை இன்னும் கிடக்கோ, இல்லையோ?"

எல்லோரும் சீவரத்தினத்தைப் பார்த்தார்கள்.

"கிடக்குது ஐயா" என்றான் அவன். பொய் சொல்லக்கூடாதே.

"பாத்தியளோ! ஒண்டைத் தந்துபோட்டு இன்னொண்டை ஒளிச்சு வைச்சிருக்கிறார்!"

குழு திகைத்துப்போயிற்று. சமாச வரலாற்றிலேயே இவ்வளவு நுட்பமான களவு நடந்ததில்லை என்று தலைவர் சொன்னார். பயிற்சி மீளப் பெறப்பட்டது என்றால், கொடுத்தவர் மனதில் அது துளியும் மிச்சமிருக்கக்கூடாது. அதைப் பரீட்சை வைத்துத்தான் அறியவேண்டும். கேள்விகளுக்கு எல்லாம் பிழையான விடை சொன்னால் சீவரத்தினம் சுத்தம், போகலாம். ஒரு விடை சரியென்றாலும் சமாசச் சொத்து இன்னும் அவரிடம் இருக்கிறது, கதவடிக்குப் போகவேண்டியதுதான்.

அன்றிரவு சீவரத்தினம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"எல்லாத்துக்கும் தெரியாதெண்டு சொன்னால் விட்டுவிடுவினம் அப்பு."

நமசிவாயம் நிமிர்ந்து பார்க்கவில்லை. "தெரிஞ்சதைத் தெரியாதெண்டு சொல்லுவியோ?"

அவன் சோற்றுக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். குருநகரில் மெஷின் அன்று பின்னேரம் மறுபடி நின்றுவிட்டதென்று லூர்த்தம்மா சொல்லியனுப்பியிருந்தாள். லியோன் மறுபடி உதைக்கத் தொடங்கிவிட்டாராம். உண்மையைச் சொல்வது, சொல்லிவிட்டுக் கதவுக்கே திரும்புவது என்று மனதைத் தேற்றிக்கொண்டு படுத்தான்.

பரீட்சை சமாச மண்டபத்தில், அங்கத்தவர் முன்னிலையில் நடந்தது. நமசிவாயம் கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தார். கேள்விகளை இராசநாயகம் ஒரு புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். விடைகளும் அதே புத்தகத்தில் இருந்தன. ஆனால் புத்தகத்துக் கேள்விகள் வெறுமனே "குளிரறையில்" என்று மொட்டையாகத் தொடங்கியது அவருக்குப் பிடிக்கவில்லை. நிறுவனத்தின் கௌரவம் கருதி ஒவ்வொரு கேள்வியின் தொடக்கத்திலும் "எமது சமாசத்தின்" என்று சேர்த்திருந்தார்.

"முதலாவது வினா. எமது சமாசத்தின் குளிரறையிலே குளிரை உண்டாக்கும் பிரதான உறுப்பு எது?"

கொம்பிறெஸர் என்று சொல்ல வாயெடுத்த சீவரத்தினம் நின்றான். கேள்வியை மனதுக்குள் இன்னொருமுறை கேட்டான்.

"அப்பிடி ஒரு உறுப்பு இல்லை ஐயா."

இராசநாயகம் புத்தகத்தைப் பார்த்தார். "பிழை!"

"இரண்டாவது வினா. எமது சமாசத்தின் குளிரறையிலே சுற்றியோடும் வாயு யாது?"

"காத்து. அதுவும் கதவு திறந்திருந்தால்தான்."

"அமோனியா என்று போட்டிருக்கு. பிழை!"

வாங்குகளில் யாரோ செருமினார்கள். தலைவர் மணியைத் தட்டினார்.

"மூன்றாவது வினா. எமது சமாசத்தின் குளிரறையிலே பேணப்படும் வெப்பநிலை என்ன?"

"இண்டைக்கு முப்பத்துமூண்டு."

"புத்தகத்திலை நாலு பாகை! பிழை! எவ்வளவு தூரம் பிழை! நாலாவது வினா. எமது சமாசத்தின் குளிரறையிலே மின்சாரம் நின்றால் உடனடியாகச் செய்யவேண்டியது என்ன?"

"ஒண்டும் செய்யத் தேவையில்லை ஐயா. முந்தி இருந்த மாதிரியே இருக்கும்."

இதற்குள் கமக்காரர் பலர் சால்வையை வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தார்கள். நமசிவாயம் மட்டும் சிரிக்கவில்லை. மகனுடைய முகத்தையே பார்த்தபடி, ஒவ்வொரு விடைக்கும் மெதுவாகத் தலையை ஆட்டினார். பொய் ஒன்றும் இல்லை.

"கடைசி வினா. எமது சமாசத்தின் குளிரறையிலே வைக்கப்படும் விதைக்கிழங்கு எவ்வளவு காலம் பழுதாகாமல் இருக்கும்?"

"ஒரு கிழமை" என்றான் சீவரத்தினம். "மழை பெய்தால் இன்னும் ரெண்டு மூண்டு நாள் கூட."

"எட்டு மாதம்! பிழை!" இராசநாயகம் புத்தகத்தை மூடினார். "தலைவர், ஆளிட்டை ஒண்டுமில்லை!"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. தலைவர் அதை மகிழ்ச்சி ஆரவாரம் என்று எடுத்துக்கொண்டு எழுந்தார், சால்வையைச் சரிசெய்தார்.

"அங்கத்தவர்களே! என் நீண்ட சேவைக்காலத்தில் இவ்வளவு முழுமையாக, இவ்வளவு தெளிவாக மறந்த ஒருவரை நான் கண்டதில்லை. கொடுத்த பயிற்சியைக் கடைசித் துளிவரை திரும்பப் பெற்ற ஒரே நிறுவனம் என்ற பெருமை இன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. எமது குளிரறையைப் பற்றி இவருக்கு எதுவுமே தெரியாது! இப்படிப்பட்டவரை மூன்று வருடம் அதன் பொறுப்பில் வைத்திருந்தோம் என்பதை நினைக்கும்போது எனக்கு உடம்பு நடுங்குகிறது. அவர் போகட்டும்! இவ்வளவு அறியாமையோடு எங்கே போனாலும் சமாசத்துக்கு நட்டமில்லை!"

மாலை போட்டு அனுப்பினார்கள். சீவரத்தினம் மாலையோடு நேரே குருநகருக்குச் சைக்கிளை மிதித்தான்.

அங்கே அவன் எல்லாவற்றையும் மறந்தவன் போலவே தொடங்கினான். அதாவது, ஒவ்வொரு உறுப்பாகக் கழற்றி, துடைத்து, திரும்பப் பூட்டினான். மின்சாரம் நின்று நின்று வந்தாலும், வரும் நேரத்துக்கு மெஷின் ஓடியது. லூர்த்தம்மாவின் கடகம் சுன்னாகம் சந்தையில் பத்து மணிக்குமுன் வெறுமையாயிற்று. லியோன் உதைப்பதை நிறுத்தியதில் அவருடைய முழங்கால் வலியும் மாறியது.

ஆனால் சீவரத்தினத்துக்கு ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. சமாசம் கேட்டதைச் சமாசத்துக்குக் கொடுத்தாயிற்று. கல் ஏற்றிக் கொடுத்த சனத்துக்கு என்ன கொடுத்தான்? ஐஸ் அறைக்கு முன்னால் ஒரு சின்ன அறை சும்மா கிடந்தது. உறையும் குளிர் அங்கே இல்லை, கிழங்கு முளைக்கும் சூடும் இல்லை. லியோனிடம் கேட்டான்.

"கிழங்கோ? என்ரை ஐஸுக்குப் பக்கத்திலை சும்மா இருக்கிற சாமான்தானே, கொண்டுவாரும்" என்றார் லியோன்.

பங்குனிக் கிழங்கு கிண்டிய கையோடு சீவரத்தினம் தகப்பனிடம் சொன்னான். நமசிவாயத்தின் முகம் கோணியது.

"மீனுக்குப் பக்கத்திலையோ?"

"இடையிலை சுவர் கிடக்கு அப்பு."

"மணத்துக்குச் சுவர் தெரியுமோ?"

மூன்று நாள் யோசித்தார். பிறகு அழுகல் கொட்டிலை ஒருமுறை எட்டிப் பார்த்தார். நாலாம் நாள் உழவு மெஷின் பெட்டியில் சாக்குகளை ஏற்றிக்கொண்டு தானே வந்தார். கூடவே சண்டிலிப்பாய்க் கமக்காரர் ஏழெட்டுப்பேர், எல்லோரும் சால்வையால் மூக்கைக் கட்டியபடி. கொள்ளைக்கூட்டம் வருகுதென்று லூர்த்தம்மா முதலில் பயந்துபோனாள்.

கார்த்திகையில் சாக்கை அவிழ்த்தபோது கிழங்கு கல்லு மாதிரி இருந்தது, குருத்து அளவாக எட்டிப் பார்த்தது. நமசிவாயம் ஒன்றை எடுத்து மணந்து பார்த்தார். இன்னொருமுறை மணந்தார்.

"மணமில்லை" என்றார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய பாராட்டு. போகும்போது மகனுடைய முதுகில் ஒருதரம் கையை வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த பங்குனியில், வெயில் கொளுத்தும் மத்தியானம், ஒழுங்கைக்குள் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. இறங்கியவர் தலைவர் ஆழ்வாப்பிள்ளை. முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, டிக்கியைத் திறந்து ஒரு சாக்கைக் காட்டினார். அவருடைய வீட்டுத் தோட்டத்துக் கிழங்கு. சாக்கில் சமாசத்தின் முழுப்பெயரும் அச்சடித்திருந்தது. ஒரு பக்கம் போதாமல் மறுபக்கத்துக்கும் போயிருந்தது.

"தம்பி, ஆருக்கும் சொல்லவேண்டாம்."

"சொல்லமாட்டன் ஐயா. ஆரும் கேட்டால்தான் சொல்லவேண்டி வரும்."

சீவரத்தினம் சாக்கைத் தூக்கிக்கொண்டு போய், முடிந்தவரை எழுத்துச் சுவர்ப்பக்கம் போகும்படி அடுக்கினான். தலைவர் பின்னாலேயே வந்து, ஓடுகிற மெஷினையும், குழாய்களில் பூத்திருந்த வெண்பனியையும், அவனுடைய எண்ணெய்க் கைகளையும் பார்த்தார்.

"உமக்கு எல்லாம் மறந்துபோச்செண்டு தீர்மானம் நிறைவேத்தினது நான்."

"ஓம் ஐயா."

"அப்ப இதென்ன?"

"அண்டைக்குக் கேட்டது சமாசத்தின்ரை குளிரறையைப் பற்றி ஐயா. இது லியோன் அண்ணையின்ரை."

தலைவர் அந்த வேறுபாட்டைக் கொஞ்ச நேரம் மனதுக்குள் நிறுத்துப் பார்த்தார். குறை ஒன்றும் தெரியவில்லை. கைகளைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டார், குளிர் உண்மையிலேயே ஏறத் தொடங்கியிருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, எங்கடை சிவசுப்பிரமணியம் சும்மாதான் நிக்கிறான். கொஞ்சக் காலம் இஞ்சை விட்டால் தொழில் பழக்குவீரோ?"

"விடுங்கோ ஐயா. பழக்கிவிடுறன்."

தலைவரின் முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது. பழைய பயம் ஒன்று அவரைப் பிடித்துக்கொண்டது.

"எல்லாத்தையும் பழகிப்போட்டு அவன் உங்களை விட்டிட்டுப் போனால் என்ன செய்வியள்?"

சீவரத்தினம் வால்வை ஒரு சுற்றுத் திருகி, கையைத் துடைத்தான்.

"போனால் நல்லது ஐயா" என்றான். "போகாட்டித்தான் எனக்குப் பயம்."